முதலில் மூக்கு

ஓர் ஏக்கர் புல்வெளிக்குள் ஒரே ஒரு சுண்டெலியை விட்டார்கள். பிறகு நாய்களை அவிழ்த்துவிட்டு, எலியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். ஸ்காட்டிஷ் டெரியர்களால் கடைசிவரை முடியவில்லை. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பீகிள்கள் ஒரு நிமிடம் ஆவதற்குள் எலியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 13 ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்தார்கள். அந்த உழைப்பு 1965இல் பெரிய நூலாக வந்தது. நாய்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த எலியும் அந்த ஒரு நிமிடமும்தான். பீகிள் குட்டியைப் பழக்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த நிமிடத்துக்குள் இருக்கிறது.

அந்த ஒரு நிமிடத்தை விரித்துப் பார்க்கலாம். மோப்பம் பிடிக்கும் நாய் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை மூச்சை இழுத்து விடுகிறது. இழுப்பது மூக்குத் துளைகளின் முன்புறமாக. விடுவது, துளைகளின் இருபக்கமும் இருக்கும் சிறு பிளவுகள் வழியாக, பின்னோக்கி. வெளியே போகும் மூச்சு, முன்னால் காத்திருக்கும் வாசனையைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தூசி படிந்த மொட்டைமாடித் தரையில் பீகிள் குட்டி முகர்ந்துகொண்டே போகும்போது பக்கத்தில் குனிந்து பாருங்கள். மூக்குக்கு நேர் முன்னால் தூசி அசையாது. மூக்கின் இருபுறமும் மட்டும் இரண்டு சின்னச் சுழல்கள் கிளம்பி அடங்கும். பார்த்துப் பழகிவிட்டால் குட்டி ஒரு வாசனையை வெறுமனே கடந்து போகிறதா, நின்று படிக்கிறதா என்று அந்தச் சுழல்களை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ஒரு தடத்தை எடுத்த நாய், அந்தத் தடத்துக்குரியவர் எந்தப் பக்கம் போனார் என்பதை எப்படி அறிகிறது? பெல்ஃபாஸ்ட் நகரில் ஹெப்பர், வெல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் இதற்கு விடை சொன்னார்கள். ஐந்து காலடிகள் கிடைத்தால் நாய்க்குத் திசை தெரிந்துவிடுகிறது, மூன்று போதவில்லை. முதல் காலடிக்கும் ஐந்தாம் காலடிக்கும் நடுவே கழிந்தது ஓரிரு நொடிகள். அந்த ஓரிரு நொடியில் வாசனை எவ்வளவு பழசாகியிருக்குமோ, அந்த நூலிழை வேறுபாட்டை அந்த மூக்கு எடைபோடுகிறது. இதைப் படித்த பிறகு, தெருவில் குட்டி நின்று, இரண்டடி பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும்போது லீஷைப் பிடித்து இழுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பீகிள் பிடிவாதம் பிடித்த இனம் என்று வளர்ப்பு நூல்கள் ஒன்றுவிடாமல் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்று பார்த்தால் பிடிவாதம் என்ற பேச்சே எழாது. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக, கூட்டமாக ஓடும் நாயாக இதை வளர்த்தார்கள். 1830களில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் சேர்த்து வளர்த்த கூட்டம்தான் இன்றைய பீகிளுக்கு வேர். குதிரையில்லாமல் கால்நடையாகவே பின்தொடரும் வேட்டை அது. மூக்கு முன்னால் போகும், மனிதன் பின்னால் வருவான். மேய்ப்பு நாய் ஒவ்வொரு திருப்பத்திலும் மேய்ப்பனின் முகத்தைப் பார்க்கும். அதற்கு உத்தரவு அங்கிருந்துதான் வருகிறது. நம் சிப்பிப்பாறையும் முயலைத் துரத்திய நாய்தான், ஆனால் கண்ணால் துரத்தியது. வெட்டவெளியில் முயல் எழுந்ததும் பார்த்துப் பாயும். முயல் கண்ணுக்கு மறைந்தால் அதன் ஓட்டம் தளரும். பீகிளுக்கோ முயல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மனிதனைக் கேட்காமல், மனிதனுக்குத் தெரியாத ஒன்றை, தானே முடிவெடுத்துத் தொடர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த உயிரிடம், கூப்பிட்டவுடன் ஏன் திரும்பவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை. அதற்குப் பாடம் சொல்லித்தர ஒரு வாசல் இருக்கிறது. அது மூக்குதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த குட்டியின் பெயர் மிளகு. மூவண்ண பீகிள் குட்டிகள் பெரும்பாலும் பிறக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாகவே இருக்கும். தவிட்டு நிறம் பிறகு மெல்ல வரும். முதலில் கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் தெளித்த மாதிரி. அப்புறம் தலை முழுவதும் பரவி, கறுப்பை முதுகுக்குத் தள்ளிக்கொண்டே போகும். மாதாமாதம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிறம் நடந்து போவது தெரியும். மாறாதது வால் நுனியின் வெள்ளை. இங்கிலாந்தின் இன வரையறை அந்த வெள்ளையை வேண்டும் என்றே கேட்கிறது. உயர்ந்த புல்லுக்குள் நாய் மறைந்தாலும் வேட்டைக்காரருக்கு வால் நுனி தெரிய வேண்டும். காது இளம் வெற்றிலை. நுனி மடங்கி, உள்நரம்பு தெரிய, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. தலை குனிந்து முகரும்போது காதுகள் முன்னால் விழுந்து கண்ணின் ஓரத்தை மறைத்துவிடுகின்றன. உலகத்தில் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சற்று நேரம் மூடிக்கொள்கிறது.

இந்தக் குட்டிக்கு உலகத்தை அறிமுகப்படுத்த நமக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஸ்காட்டும் ஃபுல்லரும் தங்கள் ஆய்வுக்கு எடுத்த ஐந்து இனங்களில் பீகிளும் ஒன்று. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. அதே பார் ஹார்பரில் நடந்து 1961இல் வெளியான இன்னோர் ஆய்வில், வேலியடைத்த நிலத்துக்குள் மனிதர் கண்ணில் படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்துப் பழக்கினார்கள். இடையில் அந்த ஒரு வாரம் கிடைத்தவை மனிதரை ஏற்றன. பதினான்கு வாரம்வரை மனிதரையே அறியாமல் இருந்தவை, பிறகு எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குகளாக விலகி ஓடின. அந்த ஆய்வில் இருந்தவை காக்கர் ஸ்பேனியல்களும் பீகிள்களும். ஒரே ஒரு வாரத்துக்கு இவ்வளவு எடை.

வேறொரு கூட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பீகிளின் சாந்தமே அதற்கு வினையானது. கடிக்காது, ஒன்றோடொன்று சண்டை போடாது, கையாள எளிது என்பதால் ஆய்வகச் சோதனைகளுக்கு உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் நாய் இனம் இதுதான். 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சோதனைக்காகவே நாய் வளர்த்த ஒரு கூடத்திலிருந்து ஏறத்தாழ 4,000 பீகிள்கள் மீட்கப்பட்டு வீடுகளுக்குப் போயின. இப்படிக் கூண்டிலிருந்து வரும் நாய்கள் புல்லில் காலை வைக்கத் தயங்கும். படிக்கட்டைப் பார்த்து நிற்கும். பந்து உருண்டால் பின்வாங்கும். பொறுமையான வீடுகளில் அவை மெல்ல மெல்லத் தேறுகின்றன. ஆனால் எட்டு வாரக் குட்டி ஒரு மாலைப்பொழுதில் கற்பதை அவை மாதக்கணக்கில் கற்க வேண்டியிருக்கிறது. குட்டிப் பருவத்தில் புல் வாசனை என்பது விளையாட்டுக் காரியமில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. தடுப்பூசி வரிசை முடியப் பதினாறு வாரம் ஆகிவிடும். மனம் திறந்திருக்கும் காலமோ அதற்கு முன்பே மூடத் தொடங்கிவிடும். 1970களின் இறுதியில் உலகத்துக்குத் தெரியவந்த பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருவில் இறக்கிவிடவும் முடியாது, வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் கூடாது. அமெரிக்காவில் விலங்கு நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சிக்கலைப் பேசியது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், ஏழெட்டு வாரத்திலேயே, சுத்தமான இடங்களில் பழக்கத் தொடங்கலாம் என்றது. எங்கள் டாக்டர் அதை ஒரே வரியில் சொன்னார்: "தரையில விடாதீங்க, இடுப்புல வச்சுக்கிட்டு ஊரைக் காட்டுங்க."

அப்படித்தான் மிளகு சென்னையைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட முகர்ந்தாள் என்பதுதான் சரி. இடுப்பில் இருக்கும் குட்டியின் மூக்கு நம் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அது அசைவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் தோலில் உணரலாம். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் திறக்கும்போது உள்ளே வரும் காற்று மாறும். ஒரு மாடியில் தாளிப்பு, இன்னொன்றில் சாம்பிராணி, கீழ்த்தளத்தில் பைக் நிறுத்துமிடத்தின் பெட்ரோல். ஒவ்வொரு திறப்புக்கும் மூக்கு ஒருமுறை தூக்கி, வேகமாக நாலைந்து இழுப்பு இழுத்து, இறங்கும். வெளியே பால் பாக்கெட் போடுபவரின் சைக்கிள், பூக்காரம்மாவின் கூடை, ஹெல்மெட் போட்ட தலை, விரித்த குடை, ஊன்றுகோலோடு நடக்கும் தாத்தா. சிமென்ட் தரையில் கேஸ் சிலிண்டரை விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டு வரும் ஓசை. அந்த ஓசைக்கு முதன்முறை அவள் உடம்பு முழுவதும் இறுகியது. நான் ஒன்றும் பேசாமல் நாலடி பின்னால் போய் நின்றேன். இறுக்கம் தளர்ந்தது, காதின் அடிவேர் முன்னால் திரும்பியது, மூக்கு வேலைசெய்யத் தொடங்கியது. அதன் பிறகுதான் வேகவைத்த ஈரல் துண்டு.

இந்த வரிசையில்தான் பழக்கும் கலையின் நயம் இருக்கிறது. தூரம் முதலில், மூக்கு பிறகு, தின்பண்டம் கடைசியில். பயந்த நாய் முகராது. அதனால் மூக்கு அசையத் தொடங்குவதுதான் பயம் போனதற்கு முதல் சாட்சி. வால் ஆடுவது அதற்கு வெகு நேரம் கழித்து வரும். குக்கர் விசில், மிக்ஸி, மேளம், தீபாவளி வெடி எதுவானாலும் இதே வரிசைதான். வெடிச் சத்தத்தைப் பதிவாக, காதில் விழுந்தும் விழாத அளவுக்குத் தணித்து, அவள் சாப்பிடும் நேரத்தில் ஓடவிடுவேன். மெல்வது நிற்காத வரை சரியான அளவு. மெல்வது ஒரு கணம் நின்றால் அது அன்றைக்குக் கூடுதல், குறைத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் ஏறிப் போகும் ஒலியை அளக்க அந்தத் தாடையைவிட நல்ல அளவுகோல் இல்லை.

எட்டாம் வாரத்துக் குட்டியைக் கண்டதும் எல்லாருக்கும் தூக்க வேண்டும் என்றிருக்கிறது. அதில் தவறில்லை; அந்தக் கண்கள் அப்படி. ஆனால் குட்டியைப் பத்துப் பேர் தூக்குவதால் அது மனிதரிடம் பழகிவிடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து, "ஆன்ட்டி, தொடலாமா?" என்று கேட்டான். "கையை நீட்டாம கீழ உக்காரு கண்ணா. அவளே வந்து மோந்து பார்ப்பா" என்றேன். உட்கார்ந்தான். மிளகு போனாள். முதலில் செருப்பில்லாத கால், குறிப்பாகச் சுண்டுவிரல் இடுக்கு. பிறகு அரைக்கால் சட்டையின் ஓரம், அதில் ஒட்டியிருந்த விளையாட்டு மைதானத்து மண். பிறகு முட்டியில் ஆறிவரும் காயத்தின் பொருக்கு, அதில் நெடுநேரம். கடைசியில் விரல் முட்டிகள். படித்து முடித்ததும் பக்கவாட்டில் திரும்பி, விலாவை அவன் கால்மேல் சாய்த்தாள். தொடலாம் என்பதற்கு நாய் தரும் அனுமதி அந்தச் சாய்வுதான். அவன் நெஞ்சுப் பக்கம் சொறிந்துவிட்டான். தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் குட்டிக்கு அது நிழலாக விழுகிறது. கீழிருந்து வந்தால் கையாகத் தெரிகிறது.

அனுமதி இல்லை என்பதையும் அதே நுட்பத்தோடு நாய் சொல்கிறது. நார்வேயின் டூரிட் ருகாஸ் என்ற பயிற்சியாளர் இவற்றையெல்லாம் கவனித்துத் தொகுத்தவர். தூக்கம் வராதபோது வரும் கொட்டாவி, உணவு இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்ளும் நாக்கு, முகத்தை மட்டும் மெல்லத் திருப்பிக்கொள்வது. மூன்றும் ஒரு நொடிக்குள் வந்து போய்விடும். நாக்கு நுனி வெளியே வந்து உள்ளே போகும் அந்த ஒரு மினுக்கைப் பார்த்துக் குட்டிக்கும் வந்தவருக்கும் நடுவே நாம் போய் நின்றுவிட்டால், உறுமல் என்ற ஒன்றைக் கற்க வேண்டிய அவசியமே அதற்கு வராது.

பல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் பற்கள் 28. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் விழுந்து, 42 நிரந்தரப் பற்கள் வரும். அதுவரை கை, முந்தானை, மேசைக் கால் எல்லாம் வாய்க்குள் போகும். நாய்ப் பயிற்சியாளர் இயான் டன்பர் வலியுறுத்துவது, முதலில் மெதுவாகக் கடிக்கக் கற்கட்டும், பிறகு கடிக்காமல் இருக்கக் கற்கட்டும் என்பதை. கூடப்பிறந்த குட்டிகளும் இதே வரிசையில்தான் கற்றுத்தருகின்றன: வலித்தால் கத்தும், விளையாட்டு நிற்கும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். சிறுநீர் பழக்கமும் அப்படித்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும், எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் பீகிளிடம் ஒரு நுணுக்கம் உண்டு. தரையை முகர்ந்தால் அவசரம் என்று மற்ற குட்டிகளுக்குச் சொல்வார்கள். பீகிள் விழித்திருக்கும் நேரமெல்லாம் தரையை முகர்கிறது. வேறுபாடு பாதையில் இருக்கிறது. செய்தி தேடும் மூக்கு நேர்க்கோட்டிலும் வளைந்தும் முன்னால் போகும். இடம் தேடும் மூக்கு வட்டமிடும். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வாலின் அடி சற்று உயரும். அந்த இரண்டாம் வட்டத்திலேயே கண்டுகொண்டால் பால்கனிக்குப் போக நேரம் கிடைக்கும்.

குரலைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பீகிளுக்கு மூன்று குரல்கள். ஆள் வந்ததற்குக் குரைப்பு. தனிமைக்கு ஊளை. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே, தொண்டையைத் திறந்து நீட்டி எழுப்பும் வேட்டைக்குரல். வாசனை கிடைத்தது என்ற அறிவிப்பு. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அதை இசை என்றே சொன்னார்கள். முயலின் தடம் அறுந்ததும் கூட்டம் நாலாபக்கமும் சிதறித் தேடும். ஒரு நாய்க்குத் தடம் கிடைத்துக் குரல் கொடுத்தால், மற்றவை தங்கள் தேடலை விட்டுவிட்டு அந்தக் குரலை நம்பி ஓடிவரும். அதனால் அந்தக் குரலுக்கு வாய்மை வேண்டும். வாசனை இல்லாமலேயே குரல் கொடுக்கும் நாயையும், கிடைத்தும் வாய் திறக்காத நாயையும் கூட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு நாயின் குரலையும் புதருக்கு அப்பாலிருந்தே அடையாளம் காணும் வேட்டைத் தலைவர்கள் இருந்தார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தக் குரல் மூன்று மாடிக்குக் கேட்கும் என்பது உண்மை. மீன்காரர் வாசல் கேட்டைத் தாண்டும்போதே மிளகு எழுந்துவிடுவாள். அதட்டினால் நாமும் சேர்ந்து குரல் கொடுப்பதாகத்தான் அவளுக்குப் படும். குரலுக்கு முன்னால் ஓர் அமைதியான நொடி இருக்கிறது. தலை உயரும், உதடுகள் குவிந்து முன்னால் வரும், தொண்டைத் தோல் இழுபடும். அந்த நொடியில், விரித்த பழைய மிதியடிமேல் ஒரு பிடி உணவு மணிகளைத் தூவுவேன். தலை இறங்கும், மூக்கு மிதியடியின் நார்களுக்குள் நுழையும், குவிந்த உதடுகள் தளரும். மீன்காரர் போய்விடுவார். இப்போதெல்லாம் மீன் வாசனை வந்ததும் அவளே மிதியடியின் மேல் போய் நிற்கிறாள். குரலை அடக்கவில்லை, அந்த அறிவிப்பை வெளியிட வேறு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இங்கிலாந்தின் வேட்டைக் கூட்டங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கூட்டத்தில் சேர வேண்டிய குட்டிகளைக் கொட்டிலிலேயே வளர்ப்பதில்லை. இரண்டு மாதக் குட்டிகளை, பெரும்பாலும் இரண்டிரண்டாக, சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கோழி, ஆடு, குழந்தை, டிராக்டர், அடுப்படி எல்லாவற்றோடும் மாதக்கணக்கில் வளர்ந்து, பிறகு கொட்டிலுக்குத் திரும்பும். கோடையில் அந்த இளம் நாய்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கும். வளர்த்த வீட்டாருக்கு வெள்ளிக் கரண்டி பரிசு தருவது வழக்கம். திரும்பி வந்த இளம் நாயின் கழுத்துப் பட்டையைச் சிறு சங்கிலியால் ஒரு மூத்த நாயின் பட்டையோடு இணைத்து நடத்திச் செல்வார்கள். மூத்தது திரும்பும்போது இளையது திரும்பும். மூத்தது நிற்கும்போது நிற்கும். வேட்டை நாய்களை இன்றும் இணை இணையாகவே எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் நாயை விட்டு முயல் வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது, அது நல்லதே. ஆனால் விஞ்ஞானிகள் பார் ஹார்பரில் கண்டு சொல்வதற்கு வெகு காலம் முன்பே, குட்டியை வீட்டுக்குள் வளர்த்தால்தான் அது வெளியே நம்பிக்கையாக நடக்கும் என்று அந்த நாட்டுப்புறத்தார் அறிந்திருந்தார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாடத்துக்கு வருகிறேன். கழுத்துப் பட்டை வேண்டாம். பீகிள் கழுத்தைக் கொடுத்து இழுக்கும். மார்பைச் சுற்றிய ஹார்னஸ் போட்டு, ஐந்தாறு மீட்டர் நீளக் கயிற்றோடு புல் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். வெயில் ஏறிய தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் விடியற்காலையே நல்லது. அப்போதுதான் இரவின் வாசனைகளும் கலையாமல் கிடக்கும். போய், சும்மா நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது. குட்டி முகரும், போகும், மறுபடி முகரும். ஏதோ ஒரு கணத்தில், யாரும் கேட்காமல், தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். அரை நொடிதான். காதுகள் பின்னால் விழுந்து முகம் முழுவதும் திறந்திருக்கும். மூக்கின்மேல் பனித்துளியோ புல்நுனியோ ஒட்டியிருக்கும். அந்த அரை நொடிக்குள் "சபாஷ்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதும் கொடுக்கும் பரிசு ஈரல் துண்டு இல்லை. "போய்ப் பாரு" என்ற அனுமதிதான்; சொல்லிக்கொண்டே கயிற்றைத் தளர்த்திக் கூடவே ஓட வேண்டும், அது எந்தத் தடத்தை விட்டுத் திரும்பியதோ அதே தடத்துக்கு.

டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் வகுத்த கொள்கை இதன் அடியில் இருக்கிறது. ஓர் உயிர் தானாக விரும்பிச் செய்யும் செயலை, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது அது. பீகிளுக்கு முகர்வதைவிட விருப்பமானது இல்லை. அப்படியானால் முகர்தலே நம் கையிலுள்ள பெரிய செல்வம். மனிதரைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் உருவான இனம், திரும்பிப் பார்த்தால் வாசனைக்குப் போகும் வழி திறக்கிறது என்று கண்டுகொள்கிறது. அதன்பிறகு திரும்பிப் பார்த்தல் மூக்கின் வேலையிலேயே ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆறேழு மாத வயதில் இது மங்கும். உடம்பு வளர்ந்து வாசனைகள் மேலும் அழுத்தமாக இழுக்கும் பருவம் அது. கயிற்றைக் குறுக்கி, வாசனை குறைந்த இடத்துக்குப் போய், மறுபடி அரை நொடிகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். மறந்துபோனதாகத் தோன்றும் பாடம் முதல் முறையைவிட விரைவாகத் திரும்பி வருகிறது.

முகரவிடுவது செல்லம் கொடுத்துக் கெடுப்பது இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு. வேறு சிலவற்றுக்கு இரண்டு வாரம் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டு கூட்டத்துக்கும் தின்பண்டம் உண்டு. பிறகு, உணவு இருக்குமோ இருக்காதோ என்று ஐயம் தரும் இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் விளையாடிய நாய்கள் அதை நோக்கி முன்னைவிட விரைவாக நடந்தன. இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு நடக்கும் நாயாக அவை மாறியிருந்தன. குட்டிக்கு நாம் தரக்கூடியவற்றில் இதைவிட மேலானதாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

இதே மூக்கை நாடு காக்கவும் பழக்கியிருக்கிறார்கள். அமெரிக்க வேளாண்துறை 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பீகிள் படையைத் தொடங்கியது. பயணிகள் பயப்படாத உருவம், தின்பண்டத்துக்காக எதையும் செய்யும் ஆவல், அதனால் பீகிள். பிற நாட்டுப் பழத்திலும் இறைச்சியிலும் ஒளிந்து வரும் பூச்சியையும் நோயையும் தடுப்பது வேலை. ஜார்ஜியா மாநிலத்தின் நியூனன் நகரில் உள்ள பயிற்சி நிலையத்தில் அவற்றுக்குச் சொல்லித்தரும் தொடக்க வாசனைகள் ஐந்து: ஆப்பிள், எலுமிச்சை வகைப் பழங்கள், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மாம்பழம். கோடையில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் அம்மாக்களின் பெட்டிகளைப் பற்றி அந்த நாய்களுக்குத் தெரிந்திருப்பதில் வியப்பில்லை. கண்டுபிடித்தால் குரைக்காது, பிறாண்டாது. பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்காரும். வேட்டையில் ஊரெல்லாம் கேட்கக் குரல் கொடுத்த இனம், அதே செய்தியை உட்கார்ந்தே சொல்கிறது.

வீட்டிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். ஒரு துண்டுத் துணியை ஏலக்காயோடு டப்பாவில் போட்டு ஓர் இரவு மூடி வைத்தால் போதும். முதலில் துணியை முகர்ந்ததும் தின்பண்டம். பிறகு முகர்ந்து உட்கார்ந்தால் தின்பண்டம். பிறகு துணியை நாற்காலிக்கு அடியில், கதவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒளித்துவைக்க வேண்டும். பாயசத்துக்கு எடுத்த உலர்திராட்சை அந்தப் பக்கம் சிந்தியிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. மிளகு சமையலறைக்குள் நுழையும்போது மூக்கு தரையோடு போகும். டிரம்முக்குப் பக்கம் வந்ததும் இழுப்பின் தாளம் மாறும். நீண்ட இழுப்பு ஒன்று, பிறகு படபடவென்று குறு இழுப்புகள். வாலின் வெள்ளை நுனி நின்றுவிடும். உட்கார்வாள். என் அம்மா நாற்காலியிலிருந்தே, "கண்டுபிடிச்சுட்டாடி, குடு குடு" என்பாள். ஏலக்காய் மிளகுக்கு இப்போது எளிதாகிவிட்டது. அடுத்த டப்பாவில் வெட்டிவேர் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.